தாமிரபரணித் தண்ணீர் ஊற்றினால் அழுகண்ணி சாகுமா?

பாளை மாடித்தோட்டம்: நேற்று இங்கே ஒருவர், "அழுகண்ணிக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஊற்றினால் செத்துப்போகும்" என்று எழுதியிருக்கிறார். ஐம்பது வருடமாக அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். பூச்சி தின்கிற பூண்டுக்கு மட்டும் ஆகாதோ?

பொதிகைச்சாரல்: எழுதியது நான்தான் அண்ணாச்சி. நீர் ஒன்றும் பூண்டு இல்லையே! அது சத்தில்லாத சதுப்பில் வளர்வது. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 50-க்குக் கீழே இருப்பது நல்லது. என் வீட்டுக் குழாயில் 170. ஊற்ற ஊற்ற உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வையும், இல்லை ஆர்.ஓ.

பாளை மாடித்தோட்டம்: உம்ம மீட்டரைத் தூக்கிப் போடும். அல்வாவுக்கே ருசி கொடுக்கிற தண்ணீர் வே அது.

பொதிகைச்சாரல்: அழுகண்ணியில் அல்வா கிண்டப் போகிறீரா?

வள்ளியூர் அக்கா: சண்டை அப்புறம். என்னிடம் கேப்பென்சிஸ் என்கிற அழுகண்ணி வகை இருக்கிறது. அதற்குத் தொட்டி மாற்றிப் பத்து நாள். இலையில் பிசின் துளியே இல்லை. மாற்றும்போது வேரெல்லாம் கறுப்பாக இருந்தது. அழுகலா?

பொதிகைச்சாரல்: இல்லை அக்கா, அதன் வேரே கறுப்புதான். பீட் மாஸ் என்கிற மக்கிய சதுப்புப் பாசி, பெர்லைட் என்கிற பொரித்த வெள்ளைக் கல், பாதிக்குப் பாதி போதும். செம்மண், சாணம், உரம் கூடாது. நல்ல வெயில், தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் ஒரு விரல் தண்ணீர். புது இலையில் துளி கட்டும். போன வருடம் ஒருவர் கறுப்பு வேரை அழுகல் என்று கத்தரியால் நறுக்கினார். பெயர் வேண்டாம், பாளையில் இருக்கிறார்.

பாளை மாடித்தோட்டம்: அது பூஞ்சை! வேரை விடும், தண்ணீருக்கு வாரும். நம் நாட்டு அழுகண்ணி ஈரப்பாறையில் தானாக முளைக்கிறதே, அங்கே யார் ஆர்.ஓ. ஊற்றுகிறார்கள்?

பொதிகைச்சாரல்: மழை ஊற்றுகிறது.

தென்காசிக்காரன்: எங்கள் குற்றாலத் தண்ணீர் ஒரு கேன் அனுப்பவா?

பாளை மாடித்தோட்டம்: 2019-லேயே தனி மாவட்டம் வாங்கிக்கொண்டு போனீர்கள். உமக்கு இங்கே என்ன வேலை?

தென்காசிக்காரன்: மாவட்டம்தான் போச்சு, ரோஷம் போகலை.

பாளை மாடித்தோட்டம்: சரி, இரண்டு தொட்டி வைக்கிறேன். ஒன்றுக்கு ஆற்றுத் தண்ணீர், ஒன்றுக்கு மழைத் தண்ணீர். படம் போடுகிறேன்.

பொதிகைச்சாரல்: போன வருடமும் இதையேதான் சொன்னீர்.

பாளை மாடித்தோட்டம்: போன் ரிப்பேர்.

வள்ளியூர் அக்கா: தட்டில் இப்போது எதைத்தான் ஊற்ற?

பாளை மாடித்தோட்டம்: தாமிரபரணி, தாயி. தைரியமாக ஊற்றும்.

பொதிகைச்சாரல்: அக்கா, ஊற்றிவிடாதீர்கள்!