பி.எஸ்சி விலங்கியலுக்குப் பிறகு மானிடவியல்: சென்னையா, புதுச்சேரியா, ஹைதராபாத்தா?

நெல்லைக்காரி:
வணக்கம். பி.எஸ்சி விலங்கியல் கடைசி வருஷம். முதுகலையில் மானிடவியல் என்று முடிவு செய்தாச்சு. மெட்ராஸ் யுனிவர்சிட்டி, புதுச்சேரி, ஹைதராபாத் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. வீட்டில், வேலை பார்த்துக்கொண்டே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படி என்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் போக ஆசை, யுபிஎஸ்சி யோசனையும் உண்டு. எதைப் பார்த்து முடிவெடுப்பது? நான் ஓபிசி.

களஏடு:
ஊர் அப்புறம். சமூக-பண்பாட்டு மானிடவியலா, உடல்சார் மானிடவியலா என்பதை முதலில் தீர்மானியுங்கள். விலங்கியல் படித்ததால் உங்களுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. ஹைதராபாத் துறை சமூக அறிவியல் புலத்தில் இருக்கிறது, பாடமும் பெரும்பாலும் சமூக-பண்பாட்டுப் பக்கம்தான். எலும்பு, மரபியல், உடல் வளர்ச்சி, தடயவியல் இவற்றில் ஆர்வம் என்றால் டெல்லி, சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகம் இரண்டின் எம்.எஸ்சியையும் பட்டியலில் சேருங்கள். பின்னால் இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும்போது பண்பாட்டுப் பிரிவு, உடல்சார் பிரிவு என்று தனித்தனியாகத்தான் கேட்பார்கள்.

சென்னைத் துறை 1945லிருந்து இருக்கிறது. பழைய துறை என்பதற்காக மட்டும் எங்கேயும் சேர வேண்டாம். பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். களப்பணி கட்டாயத் தாளா, விருப்பத் தாளா? எத்தனை கிரெடிட்? ஆய்வேடு உண்டா? அடுத்து ஆசிரியர் பட்டியல். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், எந்தக் கிளைக்காரர், கடைசி ஐந்து வருஷத்தில் என்ன எழுதியிருக்கிறார்? உடல்சார் பிரிவு ஆசிரியர் ஓய்வு பெற்று இடம் நிரப்பப்படாமல் இருந்தால், தாள் பாடத்திட்டத்தில் இருக்கும், பாடத்தைக் கௌரவ விரிவுரையாளர் ஓட்டிவிட்டுப் போவார். பிஎச்.டிக்கு வழிகாட்டியும் அங்கே கிடைக்க மாட்டார்.

சீனியர்களைப் பிடித்துக் கேட்க வேண்டியதும் உண்டு. போன பேட்ச் களப்பணிக்கு எங்கே போனது, எத்தனை நாள் தங்கியது, ஆசிரியர் கூடத் தங்கினாரா, செலவு யாருடையது? ஒரு வாரம் பஸ்ஸில் போய்க் கேள்வித்தாள் நிரப்பி வந்தால் ஆய்வேட்டுக்குத் தரவு தேறாது. ஊர் நம்மிடம் பேசத் தொடங்கவே அந்த நாட்கள் போய்விடும். வம்சாவளி வரைவதும் உறவுமுறைச் சொற்களைச் சேகரிப்பதும் அதற்குப் பிறகுதான். ஆய்வகத்தில் உடல் அளவெடுக்கும் ஆந்த்ரோபோமீட்டர், ஸ்லைடிங் காலிப்பர், ஸ்ப்ரெடிங் காலிப்பர் மாணவர் கைக்கு வருமா, கண்ணாடி அலமாரிக்குள்ளேயே இருக்குமா என்பதையும் விசாரியுங்கள்.

அட்மிஷன்அண்ணன்:
சேர்க்கை விஷயம். புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி எல்லாம் மத்தியப் பல்கலைக்கழகங்கள், கியூட் பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 75 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். தேர்வு பெரும்பாலும் மார்ச்சிலேயே வந்துவிடும், அதனால் செமஸ்டர் முடியட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதியே போய்விடும். மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் தனி.

நிறையப் பேர் தவறவிடுவது இங்கேதான்: மதிப்பெண் வந்ததும் சீட் தானாக வராது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிவு செய்து, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும்.

ஓபிசி என்றால், கையில் இருக்கும் பிசி அல்லது எம்பிசி சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதியான பிரிவு) வராதவர் என்ற சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நடப்பு நிதியாண்டுச் சான்றிதழைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள், ஏப்ரல் 1க்கு முன்னால் வாங்கியதைக் காட்டினால் கவுன்சலிங்கில் சிக்கல். கிரீமி லேயரைக் கணக்கிடும் 8 லட்சம் வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமலே பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கிறார்கள்.

நெல்லைக்காரி:
ரொம்ப நன்றி அண்ணா. இக்னோ பற்றி யாராவது?

பொதிகைத்தென்றல்:
இக்னோ எம்.ஏவுக்கு எந்தப் பட்டமும் போதும். குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 4. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் செல்லும். யுபிஎஸ்சி மட்டும்தான் குறி என்றால் அதுகூடத் தேவையில்லை. மானிடவியல் விருப்பப் பாடம் எடுக்க அந்தப் பட்டம் வேண்டும் என்ற விதி கிடையாது, தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள், அவ்வளவுதான். முதல் தாளில் பரிணாமமும் மரபியலும் நிறைய, விலங்கியல் அங்கே கைகொடுக்கும். இரண்டாம் தாள் இந்தியச் சமூகம், பழங்குடிகள்.

ஆராய்ச்சி என்றால் நேரடி வகுப்புக்கே போங்கள். களப்பணியில் ஆசிரியர் கூட உட்கார்ந்து குறிப்பேட்டைத் திருத்துவதைத் தொலைநிலையில் எதிர்பார்க்க முடியாது. நெட் எழுத முதுகலையில் பொதுப் பிரிவுக்கு 55, ஓபிசி கிரீமி லேயர் அல்லாதோருக்கு 50 சதவீதம் வேண்டும், அதையும் மனதில் வையுங்கள்.

களஏடு:
ஒன்று விட்டுப்போச்சு. ஆய்வேட்டை நீலகிரியில் செய்யும் எண்ணம் இருந்தால், காப்புக்காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். துறைத்தலைவர் கடிதத்தோடு சில மாதம் முன்பே மனு கொடுக்கப் பாருங்கள். உதகை முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும் அதே கடிதத்தோடு போகலாம்.