உதவி: பாடும்போது ஹெட்போன்ல என் குரல் லேட்டா வருது, 10,000க்குள்ள எந்த இன்டர்ஃபேஸ்?

குடியாத்தம்_குரல்:
வணக்கம். வீட்டிலயே சாமி பாட்டு ரெக்கார்ட் பண்றேன். மைக்ல பாடினா ஹெட்போன்ல கொஞ்சம் கழிச்சுத்தான் என் குரல் கேக்குது. தாளத்துல நிக்கவே முடியல. கடையில கேட்டா இன்டர்ஃபேஸ் போடுங்க, அதான் மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல வைக்கற டப்பா, சரியாயிடும்னு சொல்றாங்க, எதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. 10,000 ரூபாய்க்குள்ள லேட்டே இல்லாத இன்டர்ஃபேஸ் ஒன்னு சொல்லுங்க. வைகாசி 1 எங்க ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குள்ள பாட்டு முடிச்சாகணும். அவசரம்.

காட்பாடி_கீபோர்டு:
விண்டோஸா மேக்கா? எந்த சாஃப்ட்வேர்? எந்த மைக்? ஹெட்போன் எதுல சொருகியிருக்கீங்க? ப்ளூடூத் ஹெட்போன்னா இங்கயே சொல்லிடுங்க, அதுலயே பெரும்பாலும் 100 மில்லி செகண்டுக்கு மேல போயிடும். எந்த இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் அது தீராது.

ஆம்பூர்_தம்பி:
ப்ரோ, ஸ்கார்லெட் சோலோ. யோசிக்கவே வேணாம். நான் ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன். பட்ஜெட் கொஞ்சம் தாண்டும், பழசு கிடைச்சா பாருங்க.

சத்துவாச்சாரி_சவுண்ட்:
இந்தக் கேள்வி மாசாமாசம் வருது. லேட்டன்சி, அதான் இந்த லேட், ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்காமலே டப்பா வாங்க ஓடறாங்க. பொறுமையா படிங்க, இனிமே கேக்க வேண்டி வராது. கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டா வாங்காது, குடம் குடமா மொண்டு வாங்கும். அந்தக் குடம்தான் பஃபர். செகண்டுக்கு 44,100 சாம்பிள்ல, அதாவது சத்தத்தை அத்தனை துளியா அளந்து, 1024 பஃபர் வெச்சா ஒரு குடம் நிறைய 23 மில்லி செகண்ட். 128 வெச்சா 2.9. உள்ள வர ஒரு தடவை, வெளிய போக ஒரு தடவை, அதுக்கு மேல டிரைவர், அதான் டப்பாவையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கற சாஃப்ட்வேர், தன் பங்குக்குச் சேர்க்கிறது வேற. லேட்டே இல்லாத இன்டர்ஃபேஸ் உலகத்துலயே கிடையாது. டிரைவர் நல்லா எழுதியிருக்காங்களா, அதுதான் கேள்வி.

வாலாஜா_வீணை:
சார் சொன்ன கணக்கு சரி. ஆனா பயந்துடாதீங்க தம்பி. சத்தம் காத்துல ஒரு மில்லி செகண்டுக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும். கோவில்ல பம்பைக்காரர் உங்களுக்கு மூணு மீட்டர் தள்ளி நின்னா அவர் அடி உங்க காதுக்கு வர 9 மில்லி செகண்ட் ஆகுது. அதுல பாடறோம், தாளம் தப்பறதில்ல. சொந்தக் குரல்தான் சிக்கல். அது எலும்பு வழியா உடனே காதுக்கு வந்துடுது, ஹெட்போன்ல வர்றது பின்னாடி வருது. ரெண்டும் மோதினா அண்டாவுக்குள்ள பாடற மாதிரி இருக்கும். அதனால பாடறவங்களுக்கு 10க்குக் கீழ இருந்தா நல்லது.

மைக் என்னன்னு சொல்லுங்க முதல்ல.

ராணிப்பேட்டை_லினக்ஸ்:
விண்டோஸ்தான் உங்க பிரச்சனை. உபுண்டு லினக்ஸ் போட்டு, அதோட சவுண்ட் சிஸ்டம் பைப்வயர்ல ஓட்டுங்க. தனியா டிரைவர் எழுதாத யுஎஸ்பி கார்டு கூட அழகா ஓடும். ஒரு பைசா செலவில்ல.

சத்துவாச்சாரி_சவுண்ட்:
திருவிழாவுக்கு நாள் நெருங்கிடுச்சுங்கறார். இப்ப போய் ஓஎஸ் மாத்தச் சொல்றீங்களே, நியாயமா?

ராணிப்பேட்டை_லினக்ஸ்:
பென் டிரைவ்ல போட்டுப் பார்க்கலாமே சார். நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

குடியாத்தம்_குரல்:
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். லேப்டாப் ஐ5, 8 ஜிபி, விண்டோஸ் 10. ரெக்கார்ட் பண்றது ரீப்பர் சாஃப்ட்வேர்ல. யுஎஸ்பி மைக், 3,000 ரூபாய். ஹெட்போன் லேப்டாப்ல, ஒயர் வெச்சதுதான். அப்புறம் பம்பையும் ரெக்கார்ட் பண்ணணும், பாட்டோட சேர்த்து ஒரே நேரத்துல. அதுக்கு இன்னொரு யுஎஸ்பி மைக் வாங்கினா போதுமா?

சத்துவாச்சாரி_சவுண்ட்:
பம்பையை இப்பத்தான் சொல்றீங்க. இதுவரைக்கும் எல்லாரும் எழுதினது பாதி வீண்.

காட்பாடி_கீபோர்டு:
ரெண்டு யுஎஸ்பி மைக் வேணாங்க. ஒவ்வொன்னுக்கும் உள்ள தனித்தனி கடிகாரம் ஓடுது. நாலு நிமிஷப் பாட்டுல ரெண்டும் மெல்ல மெல்ல விலகும், கடைசி சரணத்துல பம்பை ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் நிக்கும். ரெண்டு மைக்கும் ஒரே இன்டர்ஃபேஸ்ல போகணும். சோலோவுல மைக் வாசல் ஒன்னுதான், இன்னொன்னு கிடாருக்கும் லைனுக்கும். அதனால அது உங்களுக்கு ஆகாது.

ரீப்பர்ல பிரிஃபரன்ஸ், ஆடியோ, டிவைஸ் போங்க. ஆடியோ சிஸ்டம்னு இருக்கற இடத்துல என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.

ஆம்பூர்_தம்பி:
பம்பைக்கு லூப் போட்டுக்கலாமே ப்ரோ. கீபோர்டுலயே இருக்கு. சோலோ போதும், காசும் மிச்சம்.

பம்பை_வீட்டுப்_பையன்:
தம்பி, இன்னா பேச்சு இது? பம்பை ஒத்த மேளம் இல்ல. ஒன்னு மரம், ஒன்னு வெண்கலம், ரெண்டையும் சேர்த்துக் கட்டி இடுப்புல மாட்டி அடிக்கிறது. சாமி வர நேரத்துல பாடறவர் மூச்சைப் பார்த்து எங்கப்பா நடையை ஏத்துவாரு. லூப்புக்கு யார் மூச்சும் தெரியாது. சிரசு பாட்டுக்கு லூப் போட்டா ஊர்ல முதல் வரியிலயே கண்டுபிடிச்சிடுவாங்க.

ஆம்பூர்_தம்பி:
அண்ணா, இப்ப வர்ற பாதிப் பாட்டு லூப்லதான் வருது. ஜனங்க ஆடத்தான் செய்றாங்க.

பம்பை_வீட்டுப்_பையன்:
ஆடறாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த லூப்பும் யாரோ ஒரு பம்பைக்காரர் ஒரு நாள் அடிச்சதுதான். அவருக்கு அன்னிக்குக் கூலி கிடைச்சுது, அதோட சரி. ஆடியிலயும் வைகாசியிலயும்தான் எங்க வீட்ல அடுப்பு நல்லா எரியும். ஒரு ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டா அது பெரிய விஷயம்.

வாலாஜா_வீணை:
பையன் சொல்றதுதான் எனக்கும் படுது. சேர்ந்து வாசிக்கிறவங்களைச் சேர்த்தே பிடிக்கணும்.

குடியாத்தம்_குரல்:
டைரக்ட்சவுண்ட்னு போட்டிருக்கு. பஃபர் 1024.

காட்பாடி_கீபோர்டு:
அங்கதான் இருக்கு. டைரக்ட்சவுண்ட் விண்டோஸோட பழைய சுத்து வழி, ஒவ்வொரு வளைவுலயும் லேட் சேரும். ஏசியோங்கறது அந்தச் சுத்தைத் தாண்டி நேரா கார்டுகிட்ட பேசறது. ஸ்டைன்பெர்க் 1997ல கொண்டுவந்தது. உங்க மைக்குக்குச் சொந்த ஏசியோ டிரைவர் இருக்காது, இப்போதைக்கு ஏசியோ4ஆல்னு எல்லா கார்டுக்கும் பொதுவான இலவச டிரைவர் போட்டு, பஃபரை 256ல வைங்க. படபடன்னு வெடிச்சா வைஃபையை அணைச்சிட்டு, சார்ஜர் போட்டு, பவர் பிளானை ஹை பர்ஃபார்மன்ஸ்ல வெச்சுப் பாருங்க. மாஸ்டர் ட்ராக்ல லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ மாதிரி எஃபெக்ட் ஏதாவது இருந்தா எடுத்துடுங்க. அதுங்க முன்கூட்டிப் பார்த்து வேலை செய்யறதால தனியா லேட் ஆக்கும்.

வாங்கறதுக்கு: பெரிங்கர் யுஎம்சி202எச்டி. ரெண்டு மைக் வாசல், சொந்த ஏசியோ டிரைவர், கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே குரலை ஹெட்போனுக்கு அனுப்பற நேரடி மானிட்டர் பட்டன். விலை கம்மியா இருக்கேன்னு யுஎம்சி22 பக்கம் போயிடாதீங்க. அதுலயும் மைக் வாசல் ஒன்னுதான், சொந்த ஏசியோ டிரைவரும் இல்ல, திரும்ப ஏசியோ4ஆல்லயே வந்து நிப்பீங்க. காசு சேர்ந்தா ஆடியன்ட் ஈவோ 4. அதுக்கும் மேல போக முடிஞ்சா மோட்டு எம்2, அதோட டிரைவரைத்தான் எல்லாரும் மெச்சறாங்க.

வாலாஜா_வீணை:
வாங்கறதுக்கு முன்னாடி ஒன்னு பாருங்க தம்பி. உங்க மைக்கோட அடியிலயோ பின்னாடியோ ஹெட்போன் ஓட்டை இருக்கா? பல யுஎஸ்பி மைக்ல இருக்கும். அதுல சொருகினா உங்க குரல் கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே மைக்லேருந்து நேரா காதுக்கு வரும். ரீப்பர்ல வெளியீட்டையும் அந்த மைக்குக்கே மாத்துங்க, அப்பத்தான் பின்னணி இசையும் அதுலயே கேக்கும். ட்ராக்ல மானிட்டர் பட்டனை அணைச்சிடணும், இல்லன்னா குரல் ரெண்டு தடவை வரும்.

சத்துவாச்சாரி_சவுண்ட்:
இது நல்ல யோசனை. எனக்குத் தோணல.

பம்பைக்கு டைனமிக் மைக் வைங்க, ஷூர் எஸ்எம்57 வகை. இன்டர்ஃபேஸ் மைக்குக்குக் குடுக்கற 48 வோல்ட் கரண்ட் அதுக்குத் தேவையில்ல. கெயினைக் கம்மியா வெச்சு, ரெண்டு முகத்துக்கும் நடுவுல ஒரு முழம் தள்ளி நிறுத்துங்க. இன்டர்ஃபேஸ் வந்ததும் அவுட்லேருந்து இன்னுக்கு ஒரு கேபிள் போட்டு ஒரு 'டிக்' ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க. பழைய டிக்குக்கும் புது டிக்குக்கும் எத்தனை சாம்பிள் தள்ளியிருக்குன்னு எண்ணி அதை ரீப்பர்ல ஆஃப்செட்டா குடுத்துடுங்க. டிரைவர் சொல்ற நம்பரை நம்பறதைவிட இது மேல்.

ஆம்பூர்_தம்பி:
ஃபேனை அணைக்க மறந்துடாதீங்க ப்ரோ. இந்த அக்னி வெயில்ல கஷ்டம்தான், விடியக்காலைல பாடுங்க.

காட்பாடி_கீபோர்டு:
குடியாத்தம், என்னாச்சு? மூணு நாளா ஆளைக் காணோம்.

குடியாத்தம்_குரல்:
பாட்டு முடிஞ்சுது. மைக் அடியில ஓட்டை இருந்துச்சு அக்கா, ரப்பர் மூடி போட்டு மூடியிருந்ததால இத்தனை நாளா பார்க்கவே இல்ல. லேட் துளி கூட இல்ல. ஆனா பம்பை இல்லாமத்தான் முடிச்சேன், உடுக்கை நானே தனியா அடிச்சுச் சேர்த்தேன். மனசுக்குக் குறையாத்தான் இருக்கு. ஆடிக்கு இன்னொரு பாட்டு இருக்கு, அதுக்குள்ள 202 வாங்கிடறேன். எல்லாருக்கும் நன்றி.

பம்பை_வீட்டுப்_பையன்:
ஆடிக்குன்னா இப்பவே சொல்லி வைங்கண்ணா. ஆடி வெள்ளி எல்லாம் அப்பாவுக்குக் கோவில் கீது. செவ்வாய்க்கிழமை காலையில வரச் சொல்றேன்.

ஆம்பூர்_தம்பி:
அண்ணா, அப்பா அடிக்கறப்ப நானும் வந்து பார்க்கலாமா? சோலோவும் ஒரு மைக்கும் எடுத்துட்டு வரேன்.