காரியை எதில் வைத்திருக்கிறீர்கள்?

2018 ஜனவரி. நைஜீரியாவின் எடோ மாநிலத்தில், பெனின் நகரத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் டிரைவர் ஐம்பதை நெருங்கியவர். என்னை 'ஓகா' என்பார். மேலே இருப்பவர் எல்லோருக்கும் அங்கே அதுதான் விளிப்பு. அவருக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். அந்த ஊரில் காய்ச்சல் என்றாலே மலேரியாதான், வேறு யோசனையே கிடையாது. தெருமுனைக் கடையில் மலேரியா மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு முடித்திருந்தார். காய்ச்சல் இறங்கவில்லை. எச்சில்கூட விழுங்க முடியாதபடி தொண்டை வலித்தபோதுதான் வற்புறுத்தி ஒரு சிறிய கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாங்கள் உட்கார்ந்ததும் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. நர்ஸ் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடிக்க, தொண்டையைப் பார்த்தார். பார்த்ததும் நிமிர்ந்து, போட்டிருந்த கையுறையின்மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டார். என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டார்: "வீட்டில் எலி உண்டா? காரியை எதில் வைத்திருக்கிறீர்கள்? எங்கே காயவைக்கிறீர்கள்?"

காரி என்பது மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்கவைத்து, வறுத்தெடுக்கும் குருணை. அங்கே அதுதான் தினச் சாப்பாடு. திறந்த வெளியில் பரப்பிக் காயவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எலியின் சிறுநீரோ புழுக்கையோ அதில் பட்டால் லாசா காய்ச்சல் வரலாம். போர்னோ மாநிலத்து லாசா என்ற ஊரில் 1969இல் முதலில் அடையாளம் கண்டதால் வந்த பெயர். தொடக்கத்தில் மலேரியாவைப் போலவே இருக்கும் என்பதுதான் இந்த நோயின் கொடுமை.

டிரைவர், வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். டாக்டர் கதவுக்குக் குறுக்கே நின்றுவிட்டார். "வீட்டுக்கு நான் சொல்கிறேன். நீங்கள் இருவாவுக்குப் போகிறீர்கள்." லாசாவைக் கண்டறியும் ஆய்வகமும் தனி வார்டும் இருவா சிறப்பு மருத்துவமனையில் இருந்தன.

எனக்கு உடனே டாக்டர் அமேயோ ஸ்டெல்லா அடடேவோ நினைவுக்கு வந்தார். 2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து லாகோஸுக்கு வந்த எபோலா நோயாளியை, வெளியே விடச் சொல்லி எத்தனையோ நெருக்கடி வந்தும், மருத்துவமனையை விட்டு நகர விடாதவர். அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த நேரம் அது. அவ்வளவு நெரிசலான நகரத்துக்குள் நுழைந்த நோய், நாடு முழுவதிலும் 20 பேரோடு நின்றது. இறந்த 8 பேரில் அவரும் ஒருவர். எங்கள் டாக்டரும் ஆபத்தை அறியாதவர் அல்லர். அதே ஜனவரியில் எபோனி மாநிலத்தில் லாசா தொற்றி மருத்துவ ஊழியர்கள் இறந்திருந்தார்கள்.

பரிசோதனையில் லாசா உறுதியானது. ரிபாவிரின் மருந்தைப் பத்து நாள் ஊசிவழி ஏற்றினார்கள். நானும் அந்த டாக்டரும் 21 நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துக் குறித்துவைத்தோம். எங்கள் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

அந்த நாள்களில் டாக்டரோடு தொலைபேசியில் பேசியிருக்கிறேன். உடன் படித்தவர்களில் பலர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்களாம். யோருபா மொழியில் 'ஜாப்பா' என்பார்கள். ஓடித் தப்புவது என்று பொருள். சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும் நாட்டில், கையுறையைக்கூட நோயாளியின் உறவினரை வாங்கி வரச்சொல்ல வேண்டியிருக்கும்போது, போனவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்று மாலை அந்த நாற்காலியில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால், டிரைவர் இன்னொரு பட்டை மலேரியா மாத்திரையோடு வீடு திரும்பியிருப்பார்.

அவர் பிழைத்துவிட்டார். இடது காது மட்டும் கேட்காமல் போயிற்று. லாசாவிலிருந்து மீண்ட பலருக்கு இப்படி நேர்கிறது. எங்கள் தொழிற்சாலையிலிருந்து திருகுமூடி போட்ட டிரம் ஒன்றைக் காரிக்காகக் கொடுத்தேன். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். இறுகத் திருகிய மூடிக்கு மேல் அவர் மனைவி ஒரு கல்லையும் தூக்கி வைத்திருந்தார்.