எங்கள் ஒழுங்கை வாட்ஸ்அப் குழு

மூலைவீட்டுத் தங்கச்சி, 2.20
இன்றைக்கும் வீட்டில் சண்டை. மகன் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன், சோற்றுக் கோப்பையோடு போனுக்கு முன்னால் இருந்துவிட்டான். பறித்தேன்; அழுதுகொண்டு படுத்திருக்கிறான். நாலு மணிக்கு ரியூசன். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. கதைப் புத்தகம் ஒன்றைத் திறந்து மாதக்கணக்காகிறது. நீங்கள் எல்லோரும் என்ன செய்கிறீர்கள்?

கடைக்கார அண்ணா, 2.31
எங்கள் வீட்டிலும் இதே கதைதான் தங்கச்சி. முழுக்கப் பறிக்கவும் முடியாது. கொரோனாக் காலத்தில் போனுக்குள் போன பாடம் இன்னும் வெளியே வரவில்லை. ரியூசன் குறிப்புகளும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன.

ரீச்சர் அக்கா, 2.40
குறிப்புப் பார்ப்பது வேறு, ஒன்று முடிய இன்னொன்று தானாக ஓடும் வீடியோ வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். தானாக ஓடுவதை அமைப்பில் நிறுத்தலாம், நான் நிறுத்திவிட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசி என்று சொல்லிக்கொண்டு பரீட்சைப் பயிற்சிப் புத்தகத்தை நீட்டாதீர்கள். அது அவனுக்கு இன்னொரு ரியூசன். பிடித்ததை வாசிக்கட்டும்.

நர்ஸ் அக்கா, 2.44
போன் பார்க்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைவு. கடைக்கார அண்ணா, உங்கள் சின்னவளுக்கு மூன்று வயதுதானே? அந்த வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

ஐயா, 2.58
பிள்ளைகள், நானும் ஒன்று சொல்கிறேன். பத்து வயதில் அண்ணாவின் சைக்கிள் பாரில் இருந்து யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போவேன். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிந்தபோது எனக்கு இருபது வயது. அதன்பிறகு கடையில் பருப்புச் சுற்றித் தந்த தாளைக்கூட விரித்து வாசித்திருக்கிறேன். திரும்பக் கட்டி 2003இல் திறந்தார்கள். இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே அங்கத்தவர்கள்? கோபத்தில் கேட்கவில்லை, ஏக்கத்தில் கேட்கிறேன்.

ஐயா, 3.03
எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையும் காலையில் நாங்கள் பேப்பர் பார்த்த பிறகு பூட்டித்தான் கிடக்கிறது. திங்கள் முதல் மூன்று மணிக்கு நான் திறக்கிறேன். முக்கால் மணித்தியாலம் கதை வாசித்துக் காட்டுவேன், நல்ல இடத்தில் நிறுத்துவேன். மிச்சத்தைப் பிள்ளைகள் தாங்களாக வாசிக்கட்டும். பேரனிடம் அப்படித்தான் செய்தேன். இரவோடு இரவாக முடித்துவிட்டான். ஒரு நிபந்தனை: கூட்டி வரும் பெரியவர்களும் போனை வாசலில் வைக்க வேண்டும்.

கடைக்கார அண்ணா, 3.06
ஓம் ஐயா, வைக்கிறேன். அலுமாரி முழுக்கத் தூசி. ஞாயிறு காலையில் தும்புத்தடியோடு வருகிறேன்.

ரீச்சர் அக்கா, 3.09
என் பிள்ளைகள் வாசித்து முடித்த கதைப் புத்தகங்கள் இரண்டு பெட்டி இருக்கின்றன. கொண்டு வருகிறேன்.

மூலைவீட்டுத் தங்கச்சி, 3.20
எழும்பிவிட்டான். போனை அவன் கையில் கொடுத்து, ஐயா எழுதியதை வாசிக்கச் சொன்னேன். திங்கட்கிழமை என்ன கதை என்று கேட்கிறான். யானை வருமா, ஐயா?