புதுப்பிப்பு: ஐப்பசி மழையில் அப்புத்தளை, ஓட்டமும் மலைச் சைக்கிளும்

ஐப்பசி மழையில், இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைக்கு அருகே உள்ள தம்பேதன்னைத் தேயிலைத் தோட்டப் பக்கம் ஓடவும் மலைச் சைக்கிள் ஓட்டவும் முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பெரிதும் கைகொடுத்தது "விடியும் முன்னே கிளம்புங்க" என்ற யோசனைதான். இந்தப் பருவத்தில் இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான் வரும். சனிக்கிழமை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனை வரை சுமார் 7 கிலோமீட்டர் ஏற்றத்தை ஓடி முடித்து, மழைக்கு முன் இறங்கிவிட்டோம்.

ஞாயிறு சைக்கிள். உலோகப் பிரேக் பேட் போடச் சொன்ன அண்ணாவுக்குத் தனி நன்றி. ஈரத்தில் கிறீச்சிட்டது, ஆனால் சேற்று இறக்கத்தில் கடைசிவரை பிடித்தது. கூட வந்தவரின் ரெசின் (பிசின் கலவை) பேட் பாதியிலேயே தேய்ந்துபோனது.

எதிர்பாராதது: சேற்றைவிட, தோட்டத்துக் கற்படிகளின் பாசிதான் மோசமாக வழுக்கியது. அங்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பதே சரி. அப்புறம் அட்டைக்கடி. அதைத் தடுக்கக் காலில் தேய்த்த சவர்க்காரம் மழையில் கரைந்துவிட்டது; நெருக்கமாக நெய்த நீளக் காலுறைதான் காப்பாற்றியது.