லாரிப் பட்டையில் அடிக்கும் கத்தி தோய்ச்சலில் விரிசல் விடுகிறது, கையிலும் சூடு பட்டுவிட்டது. உதவி தேவை

கொல்லைப்பட்டறை (கேள்வி):

வணக்கம். திண்டுக்கல் பக்கம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வேலை முடிந்த நேரத்தில் கத்தி அடிக்கிறேன். பழைய பிரேக் டிரம்மில் செய்த உலை, காற்றுக்குச் சின்ன ப்ளோயர், சீமைக்கருவேலக் கரி. இரும்பு என்றால் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் லாரி ஸ்பிரிங் பட்டைதான்.

அடித்து வடிவத்துக்குக் கொண்டுவருவது வரை தொந்தரவு இல்லை. தோய்ச்சலில், அதாவது சிவக்கக் காய்ச்சிய கத்தியை முக்கிக் கடினமாக்கும்போதுதான் எல்லாம் கெடுகிறது. தண்ணீரில் முக்கிய சில நொடிகளில் டிங்கென்று ஒரு சத்தம், எடுத்துப் பார்த்தால் வாய்ப்பக்கத்திலிருந்து (வெட்டும் ஓரம்) முதுகை நோக்கி மெல்லிய விரிசல். விரிசல் விடாமல் தப்பித்ததும் ஒரு பக்கமாக வளைந்து நிற்கிறது. எங்கள் ஊரில் அரிவாள் அடிக்கிறவர்கள் தண்ணீரில்தான் தோய்க்கிறார்கள், அவர்களுக்கு உடையவில்லை. எனக்கு மட்டும் ஏன்?

எண்ணெய்க்கும் மாறிப் பார்த்தேன். பெயின்ட் டப்பாவில் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றி முக்கினேன், கத்தி முழுசாக உள்ளே போகவில்லை, குப்பென்று தீ மேலே வந்து மணிக்கட்டில் பட்டுவிட்டது. அம்மா பேஸ்ட் தடவி மஞ்சள் போட்டுவிட்டார், இப்போது கொப்புளமாக இருக்கிறது.

உடைந்த துண்டைப் பார்த்தால் உள்ளே பருமணியாகச் சர்க்கரை மாதிரி மின்னுகிறது, ஓரத்தில் கொஞ்சம் கறுப்பாகவும் இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

அப்புறம், நேற்று சாயங்காலம் கிரைண்டர் பிடித்ததிலிருந்து வலது கண் உறுத்துகிறது. தண்ணீர் அடித்துக் கழுவியும் போகவில்லை. அது தானாகச் சரியாகிவிடும், தோய்ச்சலுக்கு மட்டும் வழி சொல்லுங்கள்.

கண்பிரிவு_செவிலியர்:

தம்பி, கத்தியை அப்படியே வையுங்கள். நீங்கள் கடைசியில் எழுதியதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நேற்று சாயங்காலம் விழுந்தது இன்னும் உறுத்துகிறது என்றால் இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இரும்பு கண்ணீரில் ஊறினால் துருப்பிடிக்கும், ஒரு நாளுக்குள்ளேயே துகளைச் சுற்றித் துரு வளையம் இறங்க ஆரம்பித்துவிடும். அதன்பின் துகள் விழுந்துவிட்டாலும் அந்த வளையத்தைத் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், தாமதித்தால் தழும்பு விழும், அந்தத் தழும்பு பார்வையின் நடுவில் விழுந்தால் திரும்பச் சரிசெய்வது பெரிய வேலை.

கண்ணைத் தேய்க்காதீர்கள். பட்டறையில் யாராவது துணி நுனியாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிடுகிறேன் என்றால் விடாதீர்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். வலி போக மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டில் விட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, அது புண் ஆறுவதையே தடுத்துவிடும்.

இன்னொன்று, டாக்டரிடம் எப்படி விழுந்தது என்று சரியாகச் சொல்லுங்கள். கிரைண்டர் பொறி பெரும்பாலும் மேலோடு ஒட்டும். சுத்தியலால் இரும்பின் மேல் இரும்பை அடித்துச் சிதறிய சில்லு அப்படியில்லை, அது வேகத்தில் கண்ணுக்குள்ளேயே துளைத்துப் போய்விடும், வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. பார்வை மங்கினாலோ பாப்பாவின் (கண்மணியின்) வட்டம் கோணலாகத் தெரிந்தாலோ கண்ணை அழுத்தாமல் உடனே போக வேண்டும். உள்ளே இரும்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடாது, காந்தம் அந்தத் துகளை அசைத்துவிடும். உங்களுக்கு மதுரை பக்கம்தானே, நல்ல கண் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. இன்றே போங்கள்.

கொல்லைப்பட்டறை:

சரி அக்கா, மதியம் கிளம்புகிறேன். மணிக்கட்டுக்கு என்ன செய்வது?

கண்பிரிவு_செவிலியர்:

பேஸ்ட்டையும் மஞ்சளையும் ஓடும் தண்ணீரில் மெதுவாகக் கழுவிவிடுங்கள், தேய்க்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஒட்டாத சுத்தமான துணி போட்டுத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள். மூட்டின் மேல் பட்ட சூடு என்பதால் அதையும் அங்கேயே காட்டிவிடுங்கள், கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள்.

இனிமேல் சூடு பட்டால் பட்ட நொடியிலேயே குழாயைத் திறந்து 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரில் காட்ட வேண்டும். 20 நிமிடம் நீளமாகத்தான் தெரியும், ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் சூடு இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். ஐஸ் வைக்காதீர்கள். மோதிரம், கயிறு, வாட்ச் எல்லாம் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும்.

கோவை_லேத்:

அக்கா சொன்னதற்கு மேல் ஒரு விஷயம். என்ன கண்ணாடி போடுகிறீர்கள்? பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டில் பொறி புகுந்துவிடும். சுற்றி மூடுகிற கண்ணாடி, அதன் மேல் முகத்தை மறைக்கும் ஷீல்டு, இரண்டும் வேண்டும். கண்ணாடியில் இசட்87 (Z87, பாதுகாப்புக் கண்ணாடிக்கான தரக் குறி) முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பு தலை, நெற்றி, புருவத்தைத் துடைக்க வேண்டும். புருவத்தில் தங்கின தூள் கண்ணாடி கழற்றும்போது கண்ணுக்குள் கொட்டுவது எங்கள் பட்டறையில் பலமுறை நடந்திருக்கிறது.

கிரைண்டரில் கார்டை (சக்கரத்தை மறைக்கும் தடுப்பு) கழற்றிவிட்டு வேலை செய்கிறவர்கள் அதிகம், நீங்கள் செய்யாதீர்கள். 4 இஞ்ச் மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும், கட்டிங் வீல் உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 4 இஞ்ச் மெஷினில் 5 இஞ்ச் வீலை மாட்டவே கூடாது. டிரில்லிங்கிலும் பஃபிங்கிலும் (துணிச் சக்கரத்தில் மெருகேற்றுவது) துணிக் கையுறை வேண்டாம், நூல் மாட்டினால் விரலோடு இழுத்துக்கொள்ளும். பஃப் வீலில் கத்தி பிடிக்கும்போது வாய் எப்போதும் சக்கரம் சுற்றிப் போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், எதிர்த்துப் பிடித்தால் துணி கவ்விக் கத்தியை உங்கள் மேலேயே எறியும். கத்தி செய்கிறவர்களுக்கு உலையைவிட அதுதான் ஆபத்து என்பேன்.

உலைக்குக் காற்று போகும் குழாய் என்ன குழாய்?

கொல்லைப்பட்டறை:

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். கருவிழியில் துகள்தான், சுற்றித் துரு இறங்கத் தொடங்கியிருந்தது. மரத்துப்போக மருந்து விட்டு, ஊசி முனையில் துகளையும், சின்ன மெஷினில் துருவையும் எடுத்தார்கள். சொட்டு மருந்தும் களிம்பும் கொடுத்திருக்கிறார்கள், மறுபடி வரச் சொன்னார்கள். அக்கா, உங்களுக்கு ரொம்ப நன்றி. நான் இன்னும் ஒரு வாரம் பார்த்திருப்பேன்.

லேத் அண்ணா, குழாய் ஜி.ஐ. பைப். ஏன் கேட்கிறீர்கள்? அதைப் புதிதாக மாட்டிய அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வந்தது, வாயில் ஒரு மாதிரி இனிப்பான உலோகச் சுவை. மறுநாள் சரியாகிவிட்டது.

கோவை_லேத்:

அதற்காகத்தான் கேட்டேன். ஜி.ஐ. பைப்பின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. துத்தநாகம் 420 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும், 907-ல் கொதித்து ஆவியாகும், உலை வாய் அதைவிடச் சூடு. அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்து நடுக்கம், காய்ச்சல், உடம்புவலி வரும், வெல்டிங் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த காய்ச்சல் இது. ஒன்றிரண்டு நாளில் போய்விடும் என்பதால் பலரும் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். அதிகமாக இழுத்தால் நுரையீரலையே கெடுக்கும். நெருப்பில் படுகிற பகுதியைச் சாதாரணக் கறுப்பு இரும்புக் குழாயாக மாற்றுங்கள். பெயின்ட், முலாம் பூசிய எதையும் உலையில் வைக்காதீர்கள். கொட்டகையில் இரண்டு பக்கமாவது திறப்பு இருக்க வேண்டும், கரிப் புகையில் வாசனையே தெரியாமல் கார்பன் மோனாக்சைடு சேரும். தலைவலி வந்தால் வேலையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பரம்பரை_உலை:

தம்பி, கண் தப்பித்தது பெரிய விஷயம். இப்போது தோய்ச்சலுக்கு வருவோம். நான் சிவகங்கைச் சீமை, திருப்பாச்சேத்தி அரிவாள் பெயர் வாங்கிய பக்கம். அப்பா காலத்திலிருந்து இதே தொழில்.

எங்கள் ஆட்கள் தண்ணீரில் தோய்ப்பது உண்மை. ஆனால் நீங்கள் பார்த்ததில் ஒன்றைக் கவனிக்கவில்லை. முழு அரிவாளையும் முக்க மாட்டார்கள், வாயை மட்டும் தண்ணீரில் காட்டி உடனே எடுத்துவிடுவார்கள். முதுகில் இருக்கிற சூடு வாய்க்குத் திரும்பி ஓடி வரும். வாயை மணலிலோ கல்லிலோ ஒரு தேய் தேய்த்தால் இரும்பு வெளுப்பாகத் தெரியும், அதில் நிறம் ஏறுவதைப் பார்க்கலாம். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். வேண்டிய நிறம் வந்ததும் மறுபடி தண்ணீரில் போட்டு நிறுத்துவார்கள். தோய்ச்சலும், பதம் இறக்குவதும் (மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் குணத்தைக் குறைப்பது) ஒரே சூட்டில் முடிந்துவிடுகிறது. நீங்கள் முழுசாக முக்கி ஆறவிடுகிறீர்கள், முழுக் கத்தியும் கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணமாகி, உள்ளே இழுவிசை தாங்காமல் வெடிக்கிறது.

லாரிப் பட்டை பெரும்பாலும் எண்ணெயில் தோய்க்க வேண்டிய எஃகு. அதை முழுசாகத் தண்ணீரில் போடக் கூடாது. உடைந்த இடத்தில் பருமணி தெரிகிறது என்றால் சூடு அதிகமாக ஏற்றுகிறீர்கள். வெயிலில் நின்று நிறம் பார்த்தால் சூடு குறைவாகத் தெரியும், நாம் மேலும் மேலும் ஏற்றிவிடுவோம். உலையை நிழலில் வையுங்கள், காந்தம் ஒன்று கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். அங்கிருந்து ஒரு நிறம் கூடுதலாக, 830-லிருந்து 850-க்குள் போதும். அடித்து முடித்தபிறகு தோய்ச்சலுக்கு முன்பு மூன்று தடவை அந்தச் சூட்டுக்கு ஏற்றி, காற்றிலேயே கறுப்பாகும்வரை ஆறவிடுங்கள். உள்ளே இருக்கும் பருமணி பொடியாகும், அடித்ததில் தங்கின இழுவையும் போகும், வளைவதும் பாதி குறையும்.

ஓரத்தில் கறுப்பு என்றீர்களே, அது முக்கியம். தண்ணீரில் போட்டபோது புதிதாக உடைந்தது பளிச்சென்று இருக்கும். கறுப்பாக இருந்தால் சூட்டில் இருக்கும்போதே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. ஒன்று, சிவப்பு நிறம் போனபிறகும் அடித்திருக்கிறீர்கள். இல்லையென்றால் பட்டையே லாரியில் ஓடி ஓடிக் களைத்து முன்பே விரிசல் கண்டது. வாங்கும்போது மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். போல்ட் ஓட்டையைச் சுற்றியுள்ள பகுதியை எடுக்கவே வேண்டாம்.

வாயைத் தோய்ச்சலுக்கு முன்பே கூராக்கிவிடாதீர்கள். ஒன்றரை மில்லிமீட்டராவது கனம் விடுங்கள். கிரைண்டர் கோடு குறுக்காக ஆழமாக இருந்தாலும் அங்கிருந்து விரிசல் ஆரம்பிக்கும்.

கொல்லைப்பட்டறை:

நன்றி ஐயா. கறுப்பாகத் தெரிந்தது போல்ட் ஓட்டைப் பக்கத்துத் துண்டில்தான். எண்ணெய் எது, எவ்வளவு? வளைந்த கத்தியை நிமிர்த்த வழி உண்டா?

பரம்பரை_உலை:

பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம் தம்பி, அதன் புகை நல்லதில்லை, உள்ளே என்னென்ன கலந்திருக்கிறதென்றும் தெரியாது. கடலை எண்ணெய் போதும். கத்தி நெட்டுக்குத்தாக முழுசும் மூழ்குகிற ஆழமான இரும்புக் குழாய், அடியை மூடி வெல்டு வைத்து, சாயாமல் நிற்கப் பாதம் போட்டது. மேலே நாலு விரல் காலியாக இருக்கட்டும், பக்கத்தில் தகர மூடி தயாராக இருக்கட்டும். எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சுடவையுங்கள், குளிர்ந்த எண்ணெயைவிட அதுதான் வேகமாகச் சூட்டை இழுக்கும். தயங்காமல் ஒரே மூச்சில் இறக்குங்கள், பாதியில் நிறுத்தினால்தான் தீ எழும்பும். எழும்பினால் மூடியைப் போடுங்கள், மணல் வாளியும் இருக்கட்டும், தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நீளக் குறடு, பருத்திச் சட்டை, ஷூ. லுங்கியும் செருப்பும் வேண்டாம்.

வளைந்தால், எண்ணெயிலிருந்து எடுத்த சில நொடிகள் இருக்கிறது. இன்னும் கை வைக்க முடியாத சூட்டில், இரண்டு தட்டையான பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நிமிரும். ஆறியபிறகு சுத்தியலால் தட்டினால் இரண்டாகிவிடும்.

அரத்தை வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். கடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. பிடித்ததென்றால் அப்படியே ராத்திரிக்கு வைத்துவிடாதீர்கள், தானாகவே வெடித்துப்போகும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன் வீட்டு ஓவனில் (oven) 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். ஓவன் காட்டும் சூட்டை நம்பாமல் தனியாகத் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். நிறம் இளமஞ்சளாக வந்தால் காய்கறிக் கத்திக்குச் சரி, தேங்காய் வெட்டும் அரிவாளுக்கு இன்னும் கொஞ்சம் பழுப்புக்கு இறக்குங்கள். கண் ஆறி டாக்டர் சரி சொல்லும்வரை உலையை மூட்ட வேண்டாம்.