ஆட்டோபைலட்டுக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கிருஷ்ணகிரி, கணினி ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி மன்றத்தில் ஃபிளைட்கியர் என்னும் இலவச விமானப் பாவனை மென்பொருளை நிறுவியிருக்கிறோம். பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விமானத்தைக் கையாலேயே ஓட்டுவதற்கும், கைபடாமல் அதன் போக்கைப் பிடித்துவைக்கும் கருவியான ஆட்டோபைலட்டுக்கும் சொல் வேண்டும்.

வரைவில் 'தானியங்கி விமானி' என்று எழுதியிருந்தேன். இப்போது அந்தச் சொல்லே எனக்கு அச்சமாக இருக்கிறது. மென்பொருளில் வரும் செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தில் ஒரு மாணவி 3,000 அடியில் உயரத்தைப் பிடித்துவைக்கும் பொத்தானை அழுத்தினாள். பிறகு இறங்கலாம் என்று எஞ்சின் விசையைக் குறைத்தாள். கருவி உயரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மூக்கை மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டே போனது. வேகமானியின் முள் சரிந்தது, எச்சரிக்கை ஊதல் கேட்டது, விமானம் தலைகுப்புறச் சாய்ந்தது. "உள்ளே விமானி இருக்கிறார் என்று போட்டிருக்கிறதே சார், அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்டாள்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, சொல்லைத் தேடி வெளியே போக வேண்டாம். புறநானூறு 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று முதுகண்ணன் சாத்தனார் பாடிவைத்திருக்கிறார். வலவன் தேரோட்டி. ஆகவே ஆட்டோபைலட் 'தன்வலவன்', கையால் ஓட்டுவது 'கைவலவு'.

வலவன் என்பதன் வேர் 'வல்'. வன்மையும் திறமையும் அதிலேயே அடங்கும். வலக்கையும் அதே வேர்தான் என்பது என் துணிபு. கன்னடத்தில் வகரம் பகரமாகி அது 'பலகை' என நிற்பதை எல்லைப்புற மக்களாகிய நாம் நாள்தோறும் கேட்கிறோம். தகடூர் என்ற நம் தருமபுரி மண்ணுக்குத் தேர் புதிதும் அன்று. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிட்டார் ஔவையார். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கா வலவன் புரியாது?

ஓசூர், பொறியாளர்:

ஐயா பொறுத்தருள வேண்டும். தளிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். பாடநூல் தமிழையே முயன்று கற்பவர்களிடம் சங்கச் சொல்லையும் ஏற்ற வேண்டுமா? 'ஆட்டோபைலட்' என்றே எழுதுங்கள். நம் கடலோடிகள் சொல்லும் 'சுக்கான்' அரபியிலிருந்து வந்தது. அதனால் தமிழ்க் கப்பல் எதுவும் கவிழ்ந்துவிடவில்லை.

பென்னாகரம், மொழிபெயர்ப்பாளர்:

கையால் ஓட்டுவதற்குச் சிலர் 'கைப்பறப்பு' என்கிறார்கள். அது தவறு. பறத்தல் தன்வினை, பறப்பது விமானம், விமானி அன்று. 'பறப்பித்தல்' இலக்கணத்துக்குப் பொருந்தும், ஆனால் பட்டத்தைக்கூட நாம் விடுகிறோமே தவிரப் பறப்பிப்பதில்லை. பஸ்ஸோ படகோ, தமிழர் ஓட்டத்தான் செய்கிறார்கள். 'கையோட்டம்' போதும்.

கிருஷ்ணகிரி, கணினி ஆசிரியர்:

கையோட்டத்தை ஏற்றுக்கொண்டேன் அம்மா.

ஐயா, தன்வலவனுக்கு மட்டும் என்னால் தலையசைக்க முடியவில்லை. பாட்டில் வரும் ஊர்திக்கு வலவனே தேவையில்லை. ஆளில்லா விமானத்துக்கு அந்த வரி பொருந்தலாம். ஆட்டோபைலட் இருந்தாலும் விமானி இருந்தே ஆக வேண்டும். 1914இல் பாரிஸ் அருகே, ஆட்டோபைலட்டை உருவாக்கிய லாரன்ஸ் ஸ்பெர்ரி இரு கைகளையும் உயர்த்திக் காட்ட, உதவியாளர் இறக்கைமேல் நடந்தபோதும் அவருடைய சுழலாழிக் (ஜைரோஸ்கோப்) கருவி விமானத்தைச் சமநிலையில் பிடித்துவைத்தது, அவ்வளவுதான். எங்கே போவது என்று அதற்குத் தெரியாது. இன்றைய கருவிகள் எவ்வளவோ செய்கின்றன; எனினும் நாம் கொடுத்த உயரத்தையும் திசையையும் பாதையையும்தான் பிடிக்கின்றன.

பிடி விட்டுப்போகும் நேரமும் உண்டு. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447இல் வேகம் அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானிகள் கையால் ஓட்ட வேண்டிய நிலையில் விமானம் தூக்குவிசையை இழந்து கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். விமானிகளுக்குக் கையோட்டப் பழக்கம் குறையக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013இல் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. என் மாணவர்களுக்கும் முதல் பாடம் கையோட்டம்தான். எந்நேரமும் ஓட்டுகிறவர் தாம்தான் என்பது பெயரிலேயே அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே 'உயரப்பிடி', 'திசைப்பிடி'. முழுக் கருவிக்குப் 'போக்குப்பிடி'.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிடி என்றால் பெண் யானை. களிறும் பிடியும் இறங்கிவரும் மாவட்டத்தில் உயரப்பிடி என்றால் பிள்ளைகள் எதை நினைப்பார்கள்? மேலும், 'தன்' என்னும் முன்னொட்டு விமானியைக் குறிக்காது, கருவியையே குறிக்கும்.

ஓசூர், பொறியாளர்:

பொத்தான்களுக்கு உயரப்பிடியும் திசைப்பிடியும் நன்றாக இருக்கின்றன. பார்த்தவுடன் புரிகிறது. போக்குப்பிடி வேண்டாம், போக்குவரத்துக் காவலர் பிடித்துவிட்டதுபோல் ஒலிக்கிறது.

பென்னாகரம், மொழிபெயர்ப்பாளர்:

நானும் அப்படியே. தலைப்பு ஆட்டோபைலட்டாக இருக்கட்டும்.

கிருஷ்ணகிரி, கணினி ஆசிரியர்:

கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். கையோட்டம், உயரப்பிடி, திசைப்பிடி, தலைப்பில் ஆட்டோபைலட். தன்வலவனை அருஞ்சொல் பட்டியலில் புறநானூற்று வரியோடு சேர்த்திருக்கிறேன்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பட்டியல் கடைசிப் பக்கம். அதுவரை யார் புரட்டுவார்கள்? இரண்டாம் பதிப்புக்கு முன் இந்த இழையை மீண்டும் திறப்பேன் தம்பி.